பரோலுக்கு ஒரு முகவரி

மலேசியாவில் 2008 முதல் பரோல் முறை நடப்பில் உள்ளது. ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று, அதில் பாதியைக் கழித்தவர் பரோல் கேட்கலாம்; சில கடுங்குற்றங்களுக்கு மட்டும் இடமில்லை. முடிவெடுப்பது நீதிமன்றம் அல்ல, பரோல் வாரியம். வெளியே வந்தால் எங்கே தங்குவார், யார் பார்த்துக்கொள்வார் என்று அதிகாரிகள் விசாரிப்பார்கள்.

நம் பேராக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். தோட்டம் கைமாறி, லயம் இடிந்திருக்கும். அடையாள அட்டையில் மட்டும் பழைய தோட்டத்து முகவரியே இருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். தைப்பிங் சிறையிலோ தாப்பா சிறையிலோ இருக்கும் மகனைப் பார்க்கப் போகும்போது, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தயங்காமல் விசாரியுங்கள். விண்ணப்பம் பற்றி வந்த கடிதம் புரியவில்லையா? இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஈப்போவில் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது; வழக்குத் தாள்களோடு அங்கே போய் ஆலோசனை கேளுங்கள்.