கிளையைச் சோதிக்கும் கை



இயற்கையின் மடியில் கற்கும் குழந்தை வாழ்க்கைத் திறன்களைப் பெறுகிறது என்பதில் இந்த மாநாட்டு அவைக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. எப்போது பெறுகிறது, எப்போது பெறாமலே வீடு திரும்புகிறது என்பதைத்தான் நாம் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தலும் ஒன்று. அதையும் நாம் ஒரு பாடவேளையாக்கி, கேள்விக்குக் கீழே கோடிட்ட இடம் விட்டுவிட்டோம். மரத்தில் ஏறும் ஒரு சிறுமியைக் கவனியுங்கள். ஒரு கையால் தண்டைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அடுத்த கிளையை இரண்டு முறை அசைத்துப் பார்க்கிறாள். பிறகு பாதி எடையை வைக்கிறாள். அது முறியும் ஒலி எழுப்பினால் காலை இழுத்துக்கொள்கிறாள். முருங்கை ஒடியும், புளி தாங்கும் என்பதை அவளுக்குக் கை சொல்லிக் கொடுக்கிறது. உறுதியான துணை கிடைத்தவனைப் புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று நம் பேச்சு இன்றும் சொல்கிறதென்றால், இந்த மொழியைச் செய்தவர்கள் மரமேறியவர்கள் என்றுதான் பொருள். விளைவு தெரியாத நிலையில் எடை போட்டுப் பார்த்து, தானே முடிவு செய்து, அந்த முடிவுக்குத் தானே பொறுப்பேற்பது: இவ்வளவும் அந்தக் கிளையில் நடக்கிறது. மரத்தடியில் நின்று ஆசிரியர் "இந்தக் கிளையில் கால் வை, அதில் வைக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அங்கே மரம் இருக்கும், கல்வி இருக்காது. என் வாதம் இவ்வளவுதான். குழந்தையை வெளியே அழைத்துப்போவது பாதி வேலை. முடிவெடுப்பதில் ஒரு பங்கை அதன் கையில் கொடுப்பது மறு பாதி.

இதற்கு நான் காட்டும் சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையைக் கடந்து வந்த நம் கடற்கரைக்கு அது அந்நியமானதும் அல்ல. 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, கமைஷி நகரின் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 3,000 பேரில் 5 பேர் நீங்கலாக அனைவரும் உயிர் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பேராசிரியர் தோஷிதகா கதாதா அங்குள்ள பள்ளிகளோடு சேர்ந்து உழைத்திருந்தார். பிள்ளைகள் தங்கள் ஊரின் தெருக்களிலும் சரிவுகளிலும் நடந்து, தப்பும் வழிகளைத் தாங்களே வரைபடமாக்கினார்கள். அவர் சொல்லிக் கொடுத்தவற்றில் முதன்மையானது, அச்சிட்ட அபாய வரைபடத்தை அப்படியே நம்பாதே என்பது. உனோசுமாய் பகுதியின் இரு பள்ளிகளும் அந்த வரைபடத்தில் அலை எட்டாத இடத்தில்தான் இருந்தன. நிலம் அதிர்ந்ததும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்து, மாடியில் ஒதுங்கியிருந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் இறங்கி ஓடினார்கள். குறித்து வைத்திருந்த புகலிடத்தை அடைந்தபின், பின்னாலிருந்த சரிவு இடிந்திருப்பது தெரிந்தது. இங்கே நிற்கக்கூடாது என்று இன்னும் மேலே ஏறினார்கள், மழலைப் பள்ளிக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. இரண்டு பள்ளிகளையும் கடல் மூழ்கடித்தது.

இது ஒத்திகையின் வெற்றிதானே, இதில் இயற்கைக் கல்வி எங்கே வந்தது என்று கேட்கலாம். ஒத்திகை அவர்களைக் குறித்த இடம்வரைதான் கொண்டுசேர்த்தது. அதற்கு மேல் அவர்களை ஏற்றியது, நிலத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கம். அதே நாளில் இஷினோமாகி நகரின் ஓகாவா தொடக்கப் பள்ளியில் நடந்ததை இந்த அவை மனம் கனத்துக் கேட்க வேண்டும். அங்கே பள்ளிக்குப் பின்னாலேயே மலை இருந்தது. பாடத்தின் பகுதியாகக் குழந்தைகள் அதன் சரிவில் காளான் வளர்த்திருக்கிறார்கள். இயற்கையோடு பழகாத பிள்ளைகள் அல்லர். மலைக்குப் போகலாம் என்று சிலர் கேட்டதாகவும் சாட்சியங்கள் உண்டு. ஆனால் முடிவு பெரியவர்களிடம் இருந்தது. ஏறத்தாழ 50 நிமிடம் மைதானத்தில் காத்திருந்தார்கள். 108 மாணவர்களில் 74 பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அந்த ஆசிரியர்களில் பலரும் மாண்டுபோனார்கள்; அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. முன்னேற்பாட்டில் தவறியதாக நகர, மாகாண நிர்வாகங்களையே நீதிமன்றம் பொறுப்பாக்கியது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை உறுதி செய்தது. நமக்குரிய பாடம் வேறு. மலை தெரிந்திருந்தது மட்டும் போதவில்லை.

அடிபட்டால் யார் பொறுப்பு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் 1993இல் ஃபிளென்ஸ்பர்கில் ஒன்று அரசு ஏற்பு பெற்றதிலிருந்து பரவிய காட்டு மழலைப் பள்ளிகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் கத்தியால் குச்சி சீவுகிறார்கள். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தியோடு நடக்கக்கூடாது என்பது போன்ற விதிகள் உண்டு. நம் ஊரிலும் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், பாம்புப் புற்றுப் பக்கம் பிள்ளைகளை விடக்கூடாது. குழந்தையின் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை நீக்குவது பெரியவர் கடமை. குழந்தை தானே கண்டு எடைபோடக்கூடிய இடரையும் சேர்த்து நீக்கிவிட்டால் கற்க ஒன்றும் மிஞ்சாது. இதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்டால், அந்த வாக்குறுதியை நான் தரமாட்டேன். அதற்காக இதைச் செய்யவும் வேண்டாம்.

கடைசி மறுப்புத்தான் கனமானது. ஆடு மேய்த்து, களையெடுத்து வளரும் பிள்ளைகளுக்கு இது எதற்கு, நகரத்து வசதி படைத்தவர்களின் ஆசையல்லவா என்பது அது. 1937இல் வார்தாவில் காந்தியின் கைத்தொழில் கல்வியைப் பற்றிப் பேசப்பட்டபோதும் பிள்ளைகளின் உழைப்பு சுரண்டப்படுமோ என்ற ஐயம் எழுந்தது. வயிற்றுக்காகச் செய்யும் வேலையைக் கல்வி என்று நாம் அழைக்கக்கூடாது. ஆனால் மேகத்தைப் பார்த்து ஆட்டைத் திருப்பத் தெரிந்த பிள்ளை, வகுப்பறையில் ஒன்றும் தெரியாதவனாக உட்கார்ந்திருக்கிறான். அவன் ஏற்கெனவே எடுத்துவரும் முடிவுகளுக்குப் பள்ளி காது கொடுத்தால், இந்தக் கல்வியில் அவன்தான் முன்வரிசையில் இருப்பான்.

இன்றும் நாளையும் இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகள் எத்தனை குழந்தைகள் வெளியே போனார்கள், எத்தனை மரம் நட்டார்கள் என்று சொல்லும். ஒவ்வொருவரும் இன்னும் ஒரு வரி சேர்த்துப் படியுங்கள் என்று வேண்டுகிறேன்: அன்று எந்த முடிவைக் குழந்தைகளிடம் விட்டீர்கள்? மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.