கன்று வைத்தவர் ஓய்வு பெறும்போது



பெர்ன்ஹார்டு ஃபெர்னோ பிரஷ்யாவில் பிறந்த வனவியலாளர். அமெரிக்க அரசின் வனவியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 1898இல் நியூயார்க் மாநில அரசு கார்னெல் பல்கலைக்கழகத்தில் வனவியல் கல்லூரி தொடங்கியபோது, பொறுப்பை அவரிடம்தான் ஒப்படைத்தது. அடிராண்டாக் மலையில் 30,000 ஏக்கர் காட்டையும் கொடுத்தார்கள். பழைய மரங்களை வெட்டிப் பீப்பாய் செய்யும் கம்பெனிக்கு விற்பது, வெட்டிய இடத்தில் ஊசியிலை மரக்கன்றுகளை நடுவது என்பது அவருடைய திட்டம். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் கோடை மாளிகை வைத்திருந்த பணக்காரர்களுக்கு மொட்டையான மலையும், கழிவை எரித்த புகையும் பொறுக்கவில்லை. புகார்கள் பறந்தன. 1903இல் ஆளுநர் கல்லூரிக்கான நிதியை மறுத்துவிட்டார். ஐந்தே ஆண்டில் கல்லூரிக்குப் பூட்டு!

யேல் பல்கலைக்கழகத்திலும் 1900இல் ஒரு வனவியல் பள்ளி தொடங்கினார்கள். பின்ஷோ என்ற குடும்பம் மூலநிதி கொடுத்திருந்ததால் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெயர் மாறியிருக்கிறது, பாடங்கள் விரிந்திருக்கின்றன. பள்ளி இன்றும் நடக்கிறது.

ஃபெர்னோ சும்மா இருக்கவில்லை. 1907இல் டொரான்டோ போய்க் கனடாவின் முதல் வனவியல் புலத்தைத் தொடங்கினார். அது நூற்றாண்டைக் கடந்தது. ஆனால் 1990களில் இளநிலைப் படிப்பைக் கைவிட்டது. 2019இல் தனிப் புலம் என்ற தகுதியும் போய், கட்டடக் கலைப் புலத்துக்குள் ஒரு நிறுவனமாக அடங்கியது. மரத்தால் கட்டடம் எழுப்பும் காலத்தில் அந்தச் சேர்க்கையில் ஒரு பொருத்தம் இருக்கலாம், மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது இளநிலைப் படிப்பு போனதுதான். வகுப்பில் பிள்ளைகள் இல்லையென்றால், ஓய்வு பெறும் பேராசிரியரின் இடத்தை நிரப்பச் சொல்லி யார் வாதாடுவது?

நம் மேட்டுப்பாளையத்துக்கு வருவோம். நீலகிரி அடிவாரத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது. மலைவேம்பையும் சவுக்கையும் உழவர் நிலத்துக்குக் கொண்டுபோய், காகித ஆலைகளோடு ஒப்பந்தம் போட வைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதுபோன்ற ஒரு கல்லூரி அடுத்த பத்தாண்டுக்குத் திட்டமிட உட்கார்ந்தால் மேசைக்கு முதலில் வருவது என்ன? செயற்கைக்கோள் படம், கார்பன் கணக்கு, புதிய சான்றிதழ் படிப்பு. எல்லாம் வேண்டியவைதான். பட்டம் பெற்றவர்களுக்கு வேலையும் வேண்டுமே! இந்திய வனப்பணித் தேர்வையே வேறு அறிவியல் படித்தவர்களும் பொறியாளர்களும் எழுதலாம்; வனவியல் பட்டதாரிக்கென்று ஒதுக்கி வைத்த இடம் அதில் இல்லை. அதனால் பாடத்திட்டத்தைச் சந்தை பார்த்து மாற்ற வேண்டிய நெருக்கடி இருக்கிறது.

ஆனால் ஆள் விஷயத்தில் சந்தையை மட்டும் பார்த்தால் சிக்கல். சவுக்கு மூன்று நான்கு ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும். தேக்கு அப்படியில்லை. சோதனைத் திடலில் தேக்கு வைத்த பேராசிரியர், அது முற்றும் முன்பே ஓய்வு பெற்றுவிடுவார். அவர் இடத்தைக் காலியாக விட்டு, பருவத்துக்குப் பருவம் மாறும் தற்காலிக ஆசிரியரைக் கொண்டு ஒப்பேற்றினால் வகுப்பு நடந்துவிடும். திடலில் மரத்தின் சுற்றளவை ஆண்டுதோறும் யார் அளப்பது? இலையும் பூவும் இல்லாத காலத்தில் பட்டையைப் பார்த்தே மரத்தின் பேர் சொல்கிறவர் போய்விட்டால், அந்தப் பழக்கத்தைப் பாடப்புத்தகம் மட்டும் கொடுத்துவிடாது. அவரோடு இரண்டு மூன்று ஆண்டு காட்டில் நடந்த ஒருவர் வேண்டும். அதாவது, ஓய்வுக்குப் பிறகு அல்ல, ஓய்வுக்கு முன்பே அடுத்தவரை எடுக்க வேண்டும். நிதித்துறைக்கு இது இரட்டைச் சம்பளமாகத் தெரியும்.

ஆள் தொடர்ந்து இருந்தால் கிடைக்கும் பலனுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அப்போதைய சென்னை மாகாணத்து நிலம்பூரில், 1840களில் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட்டார். அதை வளர்த்தெடுத்தவர் சாத்து மேனன். கிட்டத்தட்ட இருபது ஆண்டு அதே வேலையில் இருந்தார். கனோலி 1855இல் கொல்லப்பட்ட பிறகும் நடவு நிற்கவில்லை.

ஆகவே பணியிடப் பட்டியல் போடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வோர் ஆசிரியரின் ஓய்வு ஆண்டுக்கு நேரே, அவர் பொறுப்பில் இருக்கும் திடல்களையும் அவை வெட்டுக்கு வரும் ஆண்டையும் எழுதுங்கள். எந்த இடத்தை முதலில் நிரப்ப வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே காட்டிவிடும்.