எலிப்பொறிக் கட்டு



பொன்விழா மண்டபத்துக்குச் செங்கல் விலை கேட்டு மலைத்து நிற்கும் வேளையில் லாரி பேக்கரை நினைக்கிறோம். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, கேரளத்தில் 2007இல் மறைந்த கட்டடக்கலைஞர். குவேக்கர் சபையினர், ஆயினும் திருவனந்தபுரத்தில் இயேசு சபையாருக்கு லயோலா சிற்றாலயத்தைக் கட்டித் தந்தவர்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டை அவர் பரப்பினார். ஏறக்குறைய 25 விழுக்காடு செங்கல் மிச்சம். உள்ளிருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். பூசாத சுவர் ஏழ்மையாய்த் தெரியும் என்று முணுமுணுக்கிறார்கள் சிலர். நமக்கு அது குறையாகப் படவில்லை.

சாரத்தடியே அவருக்கு வகுப்பறை. கொத்தனாரும் இளம் கட்டடக்கலைஞரும் அங்கேயே கற்றனர். 1985இல் அவரும் நண்பர்களும் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. நம் பங்கின் கொத்தனார் இருவரை அங்கு அனுப்ப விரும்புகிறோம். அவர்கள் இழக்கும் நாட்கூலியை யார் ஏற்பது என்பதை ஞாயிறு பூசைக்குப் பின் பங்குப்பேரவை பேசட்டும்.