செய்தியோடையின் வரிசை



நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், ஆசிரியர் அனைவருக்கும் ஒன்றை அறிவிக்க வேண்டுமானால், அதனைச் சுற்றறிக்கைப் புத்தகத்தில் எழுதிப் பியூனிடம் கொடுப்பேன். அவர் வகுப்பு வகுப்பாகச் சென்று, ஒவ்வோர் ஆசிரியரிடமும் காட்டிக் கையெழுத்துப் பெற்று, மாலைக்குள் புத்தகத்தை என் மேசையில் கொண்டுவந்து வைப்பார். கையெழுத்து இல்லாத பெயர் ஒன்றைக் கண்டால், அவ்வாசிரியர் அன்று விடுப்பு என்று பொருள். செய்தி எவரைச் சேர்ந்தது, எவரைச் சேரவில்லை என்பதில் ஐயத்துக்கு இடமே இராது.

இப்பொழுது வேறொரு பியூனைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் கையில் ஒரு சுற்றறிக்கை அன்று. ஓராயிரத்துக்கு மேற்பட்ட சுற்றறிக்கைகள் உள்ளன. ஆசிரியருக்கோ படிக்க நேரம் சிறிது. ஒவ்வொருவருடைய சுவையையும் நெடுநாள் கவனித்து வைத்திருக்கும் அந்தப் பியூன், வகுப்பறை வாயிலில் நின்று, "இவர் கிரிக்கெட்டுச் செய்தி என்றால் மகிழ்வார், அவர் வம்புச் செய்தி என்றால் விடமாட்டார்" என்று தமக்குள் கணக்கிட்டுத் தாள்களை அடுக்குகிறார். மேலே உள்ள சில தாள்களையே ஆசிரியர் காண்கிறார். அடியில் கிடப்பவை அழிக்கப்படவில்லை; ஆயினும் அவை இல்லாதவை போலவே ஆகிவிடுகின்றன. நீங்கள் நாள்தோறும் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் செய்தியோடை இத்தகைய பியூனே ஆகும். எனக்குச் சற்றே தெரிந்த பேஸ்புக்கை எடுத்துக்கொண்டு இதனை விளக்குகிறேன்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவரிடையே தோன்றியது பேஸ்புக். 2006 செப்டம்பரில் 'நியூஸ் ஃபீட்' எனப்படும் செய்தியோடை அதில் சேர்க்கப்பட்டது. அன்று பயனர் பலர் அதனை வெறுத்து எதிர்ப்புக் குரல் எழுப்பினர் என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 2009இல் 'லைக்' என்னும் விருப்பக்குறி வந்தது. அதே ஆண்டில், பலராலும் விரும்பப்பட்ட பதிவுகளை முன்னே வைக்கும் முறையும் வந்தது. வரிசையிடும் முறையை 2010இல் அந்நிறுவனமே மூன்று கூறுகளாக விளக்கிற்று. பதிவிட்டவருக்கும் உங்களுக்கும் உள்ள நெருக்கம் ஒன்று. அப்பதிவு எவ்வகையைச் சேர்ந்தது என்பது ஒன்று. அது எவ்வளவு பழையது என்பது மற்றொன்று. பின்னர் இந்த எளிய கணக்குப் போய், எண்ணற்ற குறிப்புகளைக் கொண்டு கணிப்பொறி தானே கற்றுக்கொள்ளும் முறை வந்தது. நீங்கள் இதற்குக் கருத்துரை எழுதுவீர்களா, பிறருக்குப் பகிர்வீர்களா, வேண்டாமென்று ஒதுக்குவீர்களா என ஒவ்வொரு பதிவைப் பற்றியும் அது முன்கூட்டியே கணிக்கிறது. கணிப்புகளை எல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் இடுகிறது. மிகுந்த மதிப்பெண் பெற்றது மேலே வரும். எனவே உங்கள் ஓடையும் உங்கள் தங்கையின் ஓடையும் ஒன்றாக இருப்பதில்லை.

வரிசையிடுதலே தீங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2014இல் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒருவர் ஒருமுறை உள்ளே நுழையும்போது அவருக்குக் காட்டத்தக்க பதிவுகள் சராசரியாக 1,500. நண்பர் மிகுந்தவர்களுக்கு 15,000 வரையிலும் இருக்கலாம். ஓடையில் காட்டப்படுபவை ஏறத்தாழ 300. யாரேனும் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ஆனால், எதற்காகத் தெரிந்தெடுக்கிறார்கள் என்று நாம் கேட்கவேண்டும் அன்றோ? அந்நிறுவனத்தின் வருவாயில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. நீங்கள் அங்கே தங்கும் நேரம் நீளுந்தோறும் விளம்பரத்துக்கு இடம் கூடும்.

பணம் கொடுக்காமல் ஒரு பதிவு தானாக எத்தனை பேரைச் சென்று எட்டுகிறதோ, அதனை 'ஆர்கானிக் ரீச்' என்பர். நாம் 'இயல்பான எட்டு' என்று வைத்துக்கொள்வோம். பதிவுகள் பெருகப் பெருக, பக்கங்களின் இயல்பான எட்டுச் சுருங்கிக்கொண்டே வந்தது. 2018 சனவரியில், நண்பர்களும் உறவினரும் இடும் பதிவுகளுக்கு முதலிடம் என்று அறிவிக்கப்பட்டபின், நிறுவனங்களும் சங்கங்களும் நடத்தும் பக்கங்களின் எட்டு மேலும் குறைந்தது. எட்டு வேண்டுவோர்க்கு விளம்பரக் கட்டணம் என்னும் வழி திறந்தே இருக்கிறது.

இதனை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. ஒரு மாணவனைக் கடிந்துகொண்டு கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கம் ஏழை மாணவர் இருவரின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்க முன்வந்தது. சங்கத்தின் செயலாளர் நான். கடைசி நாளைக் குறித்து, பிழையின்றி எழுதி, சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் அறிவிப்பை இட்டேன். பக்கத்தைப் பின்தொடர்வோர் 800 பேருக்கு மேல். எல்லோரும் படித்திருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். நாள் கடந்து நான்காம் நாள் ஒரு பையன் வந்தான். தந்தையை இழந்தவன், நன்றாகப் படிப்பவன். "சார், இன்றைக்குத்தான் சார் பார்த்தேன்" என்றான். "பத்து நாளாக அங்கேயே இருக்கிறது. பொழுதெல்லாம் கைபேசியும் கையுமாகத் திரிகிறாய். இது மட்டும் கண்ணில் படவில்லையோ?" என்று கேட்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் போய்விட்டான்.

அன்று மாலை, பக்கத்தை நடத்துவோர்க்கு மட்டும் தெரியும் கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்த அறிவிப்பு எட்டியது 63 பேரை. அதே வாரத்தில் ஆண்டு விழாப் புகைப்படம் ஒன்றை இட்டிருந்தோம். முன்வரிசையில் யாரை அமர்த்தியிருக்க வேண்டும் என்று இருவர் அதன்கீழே பூசலிட்டுக்கொண்டிருந்தனர். அது 700 பேருக்கு மேல் எட்டியிருந்தது. உதவித்தொகை அறிவிப்பின்கீழ் யார் சண்டையிடுவார்கள்?

ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. எந்தப் பாடத்துக்கு மதிப்பெண் மிகுதியோ அதனையே மாணவர் படிப்பர். வினாத்தாள் பாடத்திட்டத்தையே மாற்றிவிடும். பேஸ்புக்கில் நடந்ததும் அதுவே. 2016இல் விருப்பக்குறியோடு வியப்பு, துயரம், சினம் முதலிய முகக்குறிகளும் சேர்ந்தன. 2017இல் அம்முகக்குறி ஒவ்வொன்றுக்கும் விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு இடப்பட்டது, சினக்குறிக்கும் அவ்வாறே. சினக்குறி மிகுந்த பதிவுகளில் பொய்யும் வசையும் மிகுதி என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளரே கண்டனர். படிப்படியாகக் குறைத்து, 2020இல்தான் அதன் மதிப்பைச் சுழியாக்கினர். அங்கே பணிபுரிந்த பிரான்சஸ் ஹாகன் என்னும் அம்மையார் 2021இல் வெளிப்படுத்திய ஆவணங்களால் இவை உலகுக்குத் தெரியவந்தன. போலந்து நாட்டு அரசியல் கட்சி ஒன்றின் சமூக ஊடகப் பணியாளர்கள், முன்பு சரிபாதியாக இருந்த தங்கள் எதிர்மறைப் பதிவுகள் நூற்றுக்கு 80 ஆகிவிட்டன என்று மதிப்பிட்டதாக அவ்வாவணங்களில் குறிப்பு உண்டு. படிப்பவனை மட்டுமன்றி, எழுதுபவனையும் மாற்றிவிட்டது அந்த மதிப்பெண்.

அப்படியானால் பழையபடி கால வரிசையில் காட்டிவிட்டால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். 2020ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது சில பயனருக்கு மூன்று மாதம் அவ்வாறே காட்டிப் பார்த்தனர். முடிவுகள் 2023இல் 'சயின்ஸ்' ஏட்டில் வந்தன. அவர்கள் அங்கே செலவிட்ட நேரம் குறைந்தது. இழிசொல் கொண்ட பதிவுகள் குறைந்தன. ஆனால், நம்பத்தகாத இடங்களிலிருந்து வந்தவை கூடின. அரசியல் கருத்துகளிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. கால வரிசையில், ஓயாமல் எழுதுபவனே ஓடையை நிறைத்துவிடுவான் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே நான் அதனை மருந்தென்று கூறத் துணியேன். எனினும் 2022 முதல் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கால வரிசையில் காணும் வழி தனியே உண்டு. தேடிச் சென்றால்தான் கிடைக்கும். திறந்தவுடன் வருவது அதுவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டமோ, பயனரின் விருப்பு வெறுப்புகளை வேவு பார்க்காத வரிசை ஒன்றையேனும் பெருந்தளங்கள் அளித்தே தீரவேண்டும் என்று விதித்துள்ளது.

அந்தப் பையனின் வீட்டுக்கு மறுநாள் சென்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவன் தாயார் காப்பி கொடுத்தார். அவ்வாண்டுப் பணம் இருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. அவனுக்குத் தருவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு முதல் அறிவிப்பை அச்சிட்டு, பள்ளிப் பலகையிலும் நூலக வாயிலிலும் ஒட்டுகிறோம். வகுப்பாசிரியர்கள் மாணவரிடம் அதனைப் படித்துக் காட்டிவிட்டுச் சுற்றறிக்கைப் புத்தகத்தில் கையெழுத்திடுகிறார்கள். பேஸ்புக்கிலும் இடத்தான் செய்கிறோம்.