கேளாமல் வரும் கடன் அட்டை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரில் கடன் வேண்டுமென்றால் வட்டிக்காரன் திண்ணையில் நாம் போய் நிற்க வேண்டும். இங்கே மும்பையில் வங்கி நம் வாசலைத் தேடி வருகிறது! சம்பளக் கணக்கு ஒன்று இருந்தால் போதும். கேளாமலே கடன் அட்டை தபாலில் வந்துவிடுகிறது. நம்மீது ஏன் இந்தத் திடீர்ப் பாசம்? அட்டைப் பணத்தை உரிய தேதியில் கட்டத் தவறினால், பல வங்கிகள் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி போடுகின்றன. ஊர்க்கணக்கில் இது மூணு வட்டி! ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்துவிட்டது.

தந்திரம் புதிதல்ல. 1958இல் அமெரிக்காவின் ஃபிரெஸ்னோ நகரில், யாரும் கேளாமலே சுமார் 60,000 அட்டைகளை ஒரு வங்கி வீடுவீடாக அனுப்பியது. 1970இல் அந்த முதலாளித்துவ நாடே அதற்குத் தடை போட்டது. அட்டைக்குத்தான் தடை, கேளாத காசோலைகளை அட்டை நிறுவனங்கள் அங்கே இன்றும் அனுப்புகின்றன.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி என்ன சொல்கிறது? சம்மதமில்லாமல் அட்டை கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பணமும் போட்டால், போட்டதை நீக்கி, அதைப்போல் இரண்டு மடங்கு அபராதம் நமக்குத் தரவேண்டும். அந்த அட்டையை வேறொருவன் திருடிச் செலவழித்தாலும் நட்டம் வங்கியுடையது. கேளாத கடனுக்கும் இதேபோல: நாம் மறுத்தால் திரும்பப் பெற வேண்டும்.

அப்படியானால் எங்கே சிக்குகிறோம்? கைபேசியில் வரும் அந்த ஓ.டி.பி. எண்ணில்! "சரிபார்ப்புக்குத்தான் அண்ணே, சொல்லுங்கள்" என்பான். சொல்லிவிட்டால் அதுதான் சம்மதம். வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார் பட்டது போதாதா? அட்டை முப்பது நாள் சும்மா கிடந்தால், வங்கியே ஓ.டி.பி. கேட்டுத்தான் உயிர்கொடுக்க வேண்டும். நாம் கொடுக்காவிட்டால், கேட்ட ஏழு வேலை நாளில் செலவில்லாமல் கணக்கை மூடியாக வேண்டும்.

பணம் போட்டுவிட்டார்களா? முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை விடாதீர்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. எழுதத் தெரியாதவர்கள் அட்டையையும் அது வந்த உறையையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.