வடிவ அறிவும் மரத் தேடலும்: கோ ஆட்டம் தரும் பாடம்



மொழியியல் பயின்ற நாம் இன்று ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். 'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரை இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். தொடி என்பது பழைய நிறையளவு. 'செம்பொன் பதின்தொடி' எனப் பிரித்தால் அது பொன். 'செம்பு ஒன்பதின்தொடி' எனப் பிரித்தால் செம்பு. கேட்பவர் இரு வழிகளையும் மனத்துள் நடந்து பார்த்து, இடம் நோக்கி ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். ஆட்டம் ஆடும் கணினி நிரல் செய்வதும் இதுவே. அதன் முன்னுள்ள வழிகள்தாம் மிகப் பல.

தன் நகர்வு, எதிராளியின் மறுநகர்வு, அதற்குத் தன் மறுநகர்வு என ஆட்டம் ஒரு மரம்போல் கிளைக்கிறது. சதுரங்கத்தில் ஒரு நிலைக்குச் சராசரியாக 35 நகர்வுகள் உள்ளன. நான்கே நகர்வுகளில் ஏறத்தாழ 1.5 மில்லியன் கிளைகள். 1997இல் கேரி காஸ்பரோவை வென்ற டீப் புளூ, விநாடிக்கு ஏறத்தாழ 200 மில்லியன் நிலைகளை ஆராயும் வேகத்தைப் பெரிதும் நம்பியது. சீனர் வெய்ச்சி என்றழைக்கும் கோ ஆட்டத்தில் அவ்வேகம் போதாது. அதன் பலகையில் 361 சந்திகள்; ஒரு நிலைக்குச் சராசரியாக 250 நகர்வுகள். அதே நான்கு நகர்வுகளில் கிளைகள் ஏறத்தாழ 3.9 பில்லியன் ஆகிவிடுகின்றன.

அவ்வாறாயின் மனிதர் எவ்வாறு ஆடுகின்றனர்? வில்லியம் சேசும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்மையான ஆட்டத்தின் சதுரங்க நிலையை ஐந்து விநாடி கண்ட வல்லுநர், புதியவரைவிடப் பன்மடங்கு காய்களை நினைவிலிருந்து சரியாக அடுக்கினார். காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்தபோதோ அவருடைய மேன்மை மறைந்தது. அவர் கண்டவை தனிக் காய்கள் அல்ல, பழகிய வடிவங்கள். நாமும் எழுத்தெழுத்தாகவா படிக்கிறோம்?

இவ்வடிவ அறிவை நிரலுக்கு ஊட்டும் முயற்சி படிப்படியாக வளர்ந்தது. 2006இல் வந்த மோகோ என்னும் நிரல், மூன்றுக்கு மூன்று சந்திகள் கொண்ட சிறு வடிவங்களைத் துணைக்கொண்டது. பின்வந்த ஆல்பாகோ ஏறத்தாழ 30 மில்லியன் ஆட்டநிலைகளைப் பயின்று, வல்லுநரின் அடுத்த நகர்வை நூற்றுக்கு 57 முறை சரியாக ஊகித்தது. எக்கிளையில் முதலில் நடப்பது என்பதை இவ்வூகம் காட்டியது. நடந்து பார்த்து முடிவுசெய்யும் பொறுப்பு தேடலுடையது.

2016 மார்ச்சில் சியோல் நகரில் ஆல்பாகோ, லீ செடோலை நான்குக்கு ஒன்று என வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் நிரல் வைத்த 37ஆம் நகர்வை ஒரு மனிதர் வைக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றே அதன் வடிவ அறிவு கணித்திருந்தது. எனினும் தேடல் அக்கிளையில் ஆழ்ந்து சென்று, அது நன்று எனக் கண்டது. நான்காம் ஆட்டத்தில் லீ வைத்த 78ஆம் நகர்வும் நிரலின் கணிப்பில் அதேபோல் அரியது. நிரல் அதனை எதிர்பார்க்கவில்லை. அடுத்த நகர்விலேயே பிழைசெய்து அவ்வாட்டத்தை இழந்தது. அரிது எனத் தள்ளிய கிளைக்குள் தேடல் அரிதாகவே செல்லும். வடிவ அறிவின் பயனும் அதுவே, இடரும் அதுவே.

ஆசிரியர்களே, இவ்விடர் நம்மிடமும் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, 'மழை ஊரை நனைத்தது. என் மனத்தை உலர்த்தியது' என எழுதினாள். 'உலர்த்தியது' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'குளிர்வித்தது' எனத் திருத்தினோம். மழை என்றால் மனம் குளிர வேண்டும். அது நாம் பழகிய வடிவம். அது பாட்டியின் இறுதிச் சடங்கு நாளைப் பற்றிய கட்டுரை என்பதை அவள் முந்திய பத்தியிலேயே எழுதியிருந்தாள். நாம் அக்கிளையில் ஓரடியும் நடந்து பார்க்கவில்லை. அவள் அதன்பின் 'குளிர்வித்தது' போன்ற தொடர்களையே எழுதினாள், மதிப்பெண்ணும் பெற்றாள். அந்த இழப்பு இன்றும் நம்மை உறுத்துகிறது.

மாதிரிக் கட்டுரைகளை விலக்குக என்று நாம் கூறவில்லை. வடிவம் பயிலாதவர் காட்டில் திசை தெரியாமல் நிற்பார். ஆனால், 2017இல் வந்த ஆல்பாகோ சீரோவை எண்ணிப் பாருங்கள். மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றையும் அது பயிலவில்லை. தன்னோடு தானே ஆடி, தேடலில் கண்டதைக் கொண்டு தன் வடிவ அறிவைத் திருத்திக்கொண்டே வளர்ந்தது; லீயை வென்ற நிரலை நூற்றுக்கு நூறு ஆட்டங்களில் வீழ்த்தியது.

மாணவர்களே, வடிவங்களை நிரம்பப் பயிலுங்கள். பயின்றதைச் சோதித்துப் பாருங்கள். ஆசிரியர்களே, சிவப்பு மையைத் தொடுமுன் அத்தொடர் செல்லும் வழியில் இன்னும் இரண்டடி நடந்து பாருங்கள்.