மூலமும் பிரதியும்



லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இரு இளைஞர்களின் உருவப்படம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய எட்டடி உயரம். ஜான் ஸ்டுவர்ட் பிரபு, பெர்னார்டு ஸ்டுவர்ட் பிரபு என்னும் உடன்பிறந்தார் இருவரும் பட்டாடை பளபளக்க நிற்கின்றனர். 1638-ஆம் ஆண்டையொட்டி வான் டைக் என்னும் ஓவியர் எழுதிய படம் அது. தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மை நோக்கும் இளையவனின் பார்வையில், உலகமே தன் வீட்டு முற்றம் என்ற எண்ணம் தெரிகிறது. சில ஆண்டுகளில் மூண்ட உள்நாட்டுப் போர் இருவரையும் கொண்டுபோயிற்று. ஒருவர் 1644-லும் மற்றவர் 1645-லும் மாண்டனர்.

ஓவியம் பயின்ற நாளில், அந்த இளையவனின் பட்டாடையில் ஒரு சிறு பகுதியை மட்டும் தைல வர்ணத்தில் பெயர்த்தெழுத நான் முயன்றேன். நல்ல அச்சுப்படம் ஒன்றின்மீது கட்டங்கள் இட்டு, அவ்வாறே என் துணியிலும் கட்டங்கள் இட்டு, நீலத்தையும் வெள்ளையையும் குழைத்து இரண்டு வாரம் பாடுபட்டேன். முடிவில் என் கண்முன் நின்றது பட்டன்று, தகரம்! ஆசிரியர் வந்து பார்த்தார். “அடியில் என்ன வர்ணம் பூசினாய்?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். வெள்ளைத் துணியின்மேல் நேரே எழுதிவிட்டேன் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அப்பால் சென்றுவிட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் பிறகுதான் விளங்கிற்று. அக்கால ஓவியர்கள் சாம்பல் நிறமோ பழுப்போ கலந்த அடிப்பூச்சு ஒன்றை முதலில் இடுவார்கள். பட்டின் மடிப்புகளில் நாம் காணும் அரைநிழல் பல இடங்களில் அந்த அடிப்பூச்சேயன்றி வேறன்று. அதை மறைக்காமல் விட்டுவிடுவதே திறமை. வெளிச்சம் விழும் இடத்தில் வர்ணத்தைத் தடித்து வைப்பர். அது உலர்ந்த பின்னர், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் மெல்லிய வர்ணத்தை அதன்மேல் படரவிடுவர். ஆளிவிதை எண்ணெய் நீர்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றோடு கூடி மெல்ல இறுகுவது. ஆகவே ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருக்க வேண்டும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். இம்முறை மாறினால் நாளடைவில் படம் வெடித்துவிடும்.

இப்படிப் பெயர்த்தெழுதுவதை இன்று பலர் இழிவாகக் கருதுகின்றனர். “நகல்தானே!” என்கின்றனர். இங்கிலாந்தின் உருவப்படங்களைப் பொறுத்தவரை இஃது அறியாமை என்பேன். அங்கே அரசரின் முகமே பிரதிகளால்தான் நாடெங்கும் பரவிற்று. 1563-இல் எலிசபெத் அரசியின் காலத்தில் ஓர் அறிக்கை வரைவு தயாராயிற்று. தேர்ந்த ஓவியர் ஒருவர் அரசியின் முகத்தைச் செவ்வனே எழுதவேண்டும், மற்றவர்கள் அதைப் பார்த்தே எழுதவேண்டும் என்பது அதன் கருத்து. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய கோலத்தை ஆலன் ராம்சே எழுதியபோது, தூதர்களுக்கும் கவர்னர்களுக்கும் அனுப்புவதற்கென அவருடைய தொழிற்கூடத்திலேயே மன்னர், அரசி படங்கள் சோடி சோடியாக எழுதப்பட்டன. இடைவிடாது அவற்றை எழுதிய உதவியாளர் பிலிப் ரைனகல் என்பவருக்கு உருவப்படம் என்றாலே சலித்துவிட்டதாம்! அவர் பின்னாளில் விலங்குகளையும் இயற்கைக் காட்சிகளையும் எழுதப் போய்விட்டார். அவரிடம் எனக்கு அனுதாபம் உண்டு.

மூலம் அழிந்து பிரதி மட்டும் எஞ்சுவதும் உண்டு. நம் பழந்தமிழ் நூல்கள் ஏடு பெயர்த்தெழுதியோரால் அன்றோ நமக்குக் கிடைத்தன? ஹோல்பைன் என்னும் மேதை 1537-இல் லண்டன் ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் எட்டாம் ஹென்றி மன்னரை அவருடைய பெற்றோருடனும் அரசியுடனும் எழுதினார். கால்களை அகற்றி ஊன்றி, மார்பை விரித்து நிற்கும் அந்த ஹென்றியை நீங்கள் வரலாற்றுப் புத்தகங்களில் கண்டிருப்பீர்கள். 1698-இல் அரண்மனை தீக்கிரையாயிற்று. சுவரோடு ஓவியமும் போயிற்று. நல்வாய்ப்பாக, 1667-இல் இரண்டாம் சார்லஸ் மன்னருக்காக லீம்புட் என்பவர் அதைச் சிறிய அளவில் பெயர்த்தெழுதி வைத்திருந்தார். ஹோல்பைன் வரைந்த முன்மாதிரிச் சித்திரத்திலும் ஒரு பகுதி தப்பியது. எனினும் அந்தச் சுவரோவியத்தை முழுமையாகவும் வர்ணத்தோடும் நமக்குக் காட்டுவது லீம்புட்டின் பிரதிதான்.

முதலில் சொன்ன ஸ்டுவர்ட் சகோதரர்களிடம் மீண்டும் வருவோம். அவர்களைப் பெயர்த்தெழுதியவர்களில் தாமஸ் கெயின்ஸ்பரோவும் ஒருவர். புகழ்பெற்ற அந்த ஓவியர் ஏறக்குறைய மூலத்தின் அளவிலேயே எழுதிய பிரதி அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1770-இல் அவர் ‘நீலச் சிறுவன்’ என்னும் படத்தைக் காட்சிக்கு வைத்தார். அச்சிறுவன் அணிந்திருப்பது அவன் காலத்து உடையன்று. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட வான் டைக் காலத்துப் பட்டுடை! அவன் பிரபுவின் மகனும் அல்லன். இரும்புச் சாமான் வணிகர் ஒருவரின் மகன் என்றே நெடுங்காலம் கருதப்பட்டான். ஓவியரின் உடன்பிறந்தார் மகன் என்பாரும் உளர். பிரபுக்களின் உடையைப் பெயர்த்தெழுதிப் பழகிய கை, அதைச் சாதாரணச் சிறுவனுக்கு அணிவித்துப் பார்த்தது. 1921-இல் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் அப்படத்தை விற்றார். அது கலிபோர்னியா சென்றது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2022-இல் சில மாதங்கள் மட்டும் லண்டனுக்கு வந்து திரும்பிற்று.

பெயர்த்தெழுதுவோனுக்கு ஒரு தர்மசங்கடமும் உண்டு. பழைய படங்களின்மேல் பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளித்துவிடும். அந்த மஞ்சளையும் சேர்த்து எழுதுவதா? அல்லது அதன் அடியில் இருக்கும் நிறத்தை ஊகித்து எழுதுவதா? 1947-இல் லண்டன் தேசிய ஓவியக் கூடம் துப்புரவு செய்த படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, பழகிய பொன்னிறம் போயிற்றே என்று பலர் வருந்தி வாதிட்டனர். நான் மஞ்சளை விட்டுவிட்டே எழுதுவேன். அது தவறு என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு இருக்கிறார்கள்.

பின்னர் ஒருமுறை லண்டன் சென்று அந்த மூலத்தின்முன் நின்றேன். அச்சுப்படத்தில் நான் நீலமென்று கண்ட இடத்தில் பாதிக்குமேல் சாம்பல் நிறமே இருந்தது. ஊர் திரும்பியதும் பழுப்பும் சாம்பலும் கலந்த அடிப்பூச்சிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் எழுதினேன். இம்முறை ஏறக்குறையப் பட்டுப்போல் வந்தது. அந்தத் துணி இன்றும் என் வீட்டில் தொங்குகிறது. ‘வான் டைக்கைப் பார்த்து எழுதியது’ என்று அதன் பின்புறம் எழுதி, என் பெயரை இட்டிருக்கிறேன். முன்புறத்தில் எவர் கையொப்பமும் இல்லை.